கிளேர்மான்ட் 2008: காகிதத் தொப்பிக்காக மூண்ட சண்டை

தெற்கு கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது கிளேர்மான்ட். மரங்கள் அடர்ந்த, கல்லூரிகளுக்குப் பேர்போன சின்ன ஊர். அங்கே காண்டிட், மவுண்டன் வியூ என்று இரண்டு ஆரம்பப் பள்ளிகள். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 40 ஆண்டுகளாக ஒரு வழக்கம் இருந்தது. தேங்க்ஸ்கிவிங் என்பது நவம்பரில் வரும் அமெரிக்க நன்றி நாள். அந்த வாரத்தில் ஒரு பள்ளியின் கிண்டர்கார்டன் பிள்ளைகள் பூர்வகுடி வேடம் போட்டுக்கொண்டு அடுத்த பள்ளிக்கு நடந்து போவார்கள். அங்கே பில்கிரிம் வேடத்தில், அதாவது 1620இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து குடியேறியவர்களின் வேடத்தில், இருக்கும் பிள்ளைகள் அவர்களை வரவேற்பார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பாடுவார்கள். அடுத்த ஆண்டு முறை மாறும். 2008இல் மவுண்டன் வியூ பிள்ளைகள் நடந்து போக வேண்டும், காண்டிட் பிள்ளைகள் வரவேற்க வேண்டும்.

அந்த ஆண்டு காண்டிட்டில் படித்த ஒரு சிறுமியின் தாய் வகுப்பாசிரியருக்குக் கடிதம் எழுதினார். அவர் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலத்துறைப் பேராசிரியர். பூர்வகுடி இலக்கியம் அவர் துறை. அவருடைய அம்மா செனெக்கா என்ற பூர்வகுடி இனத்தவர். இந்த வேடம் தன் மகளின் முன்னோரை இழிவுபடுத்துகிறது என்பது அவருடைய வாதம். அடிமைகள், அன்பான எஜமானர்கள் என்று பிள்ளைகளுக்கு வேடம் போடச் சொல்வீர்களா என்று கேட்டிருந்தார். யூதர்களையும் நாஜிகளையும் வைத்தும் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும் நேரில் பார்த்தபோது, பொதுவில் ஒரு கூட்டம் வைத்து மாற்று வழிகளைப் பேசலாம் என்று கோரினார்.

அதற்குள் விழாவையே நிறுத்தப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பிவிட்டது. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை நடந்த பள்ளி வாரியக் கூட்டத்தில் பெற்றோர் காரசாரமாக மோதிக்கொண்டார்கள். கூட்டத்தின் முடிவில் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் எழுந்து, விருந்து நடக்கும், வேடம் இருக்காது என்று இரண்டு பள்ளிகளும் உத்தேசமாக முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை அதை உறுதிசெய்து பெற்றோருக்குச் சுற்றறிக்கை போனது. மறுநாளே விருந்து, நவம்பர் 25. தடையை மீறி வேடத்தோடுதான் அனுப்புவோம் என்று சில பெற்றோர் அறிவித்தார்கள். நாட்டின் பெரிய நாளிதழ்களில் செய்தி வந்தது. ஐந்து வயதுப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்காக இரு தரப்பும் பள்ளி வாசலில் கூடி நின்றது.

இந்த விவகாரத்தை ‘பண்பாட்டுப் போர்’ என்ற பெட்டியில் போட்டு மூடிவிடுவது சுலபம். அப்போது பலரும் அதைத்தான் செய்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பள்ளி மாவட்டம் வேடத்தைப் பற்றி முடிவெடுத்தது. கதையைப் பற்றி எந்த முடிவும் எடுக்கவில்லை. பிள்ளைகள் தலையிலிருந்து இறகு போனது. பில்கிரிம்கள் வந்தார்கள், பூர்வகுடியினர் உதவினார்கள், எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், நன்றி சொன்னார்கள் என்ற கதை அப்படியே மேசையில் இருந்தது.

கை செய்ததை மனம் மறப்பதில்லை

அமெரிக்காவில் வளர்ந்தவர்களிடம் தேங்க்ஸ்கிவிங் பற்றிப் பள்ளியில் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் ஆண்டு, பெயர் எதுவும் வராது. கத்தரியும் பசையும்தான் வரும். கையைத் தாளில் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தால் வான்கோழி. கட்டைவிரல் தலை, மற்ற நான்கு விரல்களும் தோகை. கறுப்புக் கெட்டித்தாளில் உயரமான தொப்பி, நடுவில் மஞ்சள் தாளில் சதுரமாக ஒரு கொக்கி.

பூர்வகுடிச் சட்டைக்கு மளிகைக்கடை தரும் பழுப்புக் காகிதப் பை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, முன்பக்கம் நேராக ஒரு வெட்டு, அடிப்பக்கத்தில் கழுத்துக்கு வட்டம், பக்கத்துக்கு ஒன்றாகக் கைக்கு ஓட்டை. அப்புறம் கீழ் விளிம்பைக் குஞ்சம் குஞ்சமாக நறுக்க வேண்டும். தோல் மாதிரி தெரியட்டும் என்று சில ஆசிரியர்கள் பையை நன்றாகக் கசக்கிப் பிரிக்கச் சொல்வார்கள். அதன் மேல் கிரேயானில் சூரியன், மான், அம்பு. தலைக்கு ஒரு காகிதப் பட்டை, அதில் வண்ண இறகு.

இதெல்லாம் முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து வயதுக்கு இது நல்ல கைவேலை. சிக்கலும் அதில்தான் இருக்கிறது. வாயால் சொன்ன பாடம் போய்விடும், கையால் செய்தது நிற்கும். கிளேர்மான்டில் சோக்டா வம்சாவளியைச் சேர்ந்த இன்னொரு தாய் இருந்தார். அவருடைய மகன் முந்தைய ஆண்டு செய்த சட்டையையும் இறகுப் பட்டையையும் பத்திரமாக வைத்திருந்து அப்போதும் போட்டுக்கொள்வான். அந்தத் தாய் வேடத்துக்கு ஆதரவான பக்கத்தில் இருந்தார். ஆக, பூர்வகுடி ரத்தம் உள்ள இரண்டு தாய்மார்கள் இரண்டு கட்சியில். ‘அவர்களைப் புண்படுத்துகிறது’, ‘அவர்களைப் பெருமைப்படுத்துகிறது’ என்ற இரண்டு வாதங்களுமே ‘அவர்கள்’ ஒரே குரலில் பேசுவார்கள் என்று நம்பியவர்களின் வாதங்கள். 500க்கும் மேற்பட்ட தனித்தனி இனங்கள் உள்ள நாட்டில் அது நடக்காத காரியம்.

வழக்கத்துக்கு 40 வயது என்றால், 1970களில் தொப்பி மாட்டிய பிள்ளை 2008இல் ஒரு கிண்டர்கார்டன் பிள்ளைக்கு அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்கக்கூடியவர். வாரியக் கூட்டத்தின் கோபத்தை இதை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடிகிறது. வரலாற்றுத் திருத்தம் என்று ஒரு தரப்பு பேசியது, மறு தரப்புக்கு அது தன் பால்யத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டாகக் கேட்டிருக்கும்.

அந்த மூன்று நாள்

இந்தக் கதைக்கு மூலம், பில்கிரிம்கள் குடியேறிய பிளிமத்தில் (இன்றைய மாசசூசெட்ஸ்) 1621இல் நடந்த அறுவடை விருந்து. அதற்குச் சமகாலச் சாட்சி என்று விரிவாக இருப்பது ஒரே ஒரு பத்தி. பில்கிரிம்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் அந்த ஆண்டு டிசம்பர் 11 தேதியிட்டு இங்கிலாந்துக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. சோளம் நன்றாக விளைந்தது, பார்லி சுமார், பட்டாணி பறிக்கக்கூட லாயக்கில்லை என்கிறார். ஆளுநர் நான்கு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார். துப்பாக்கிப் பயிற்சி நடந்தது. அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் தலைவர் மாசசாயிட் சுமார் 90 ஆட்களோடு வந்தார், மூன்று நாள் விருந்து. அவர்கள் போய் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான். வான்கோழி என்ற பேச்சே அந்தப் பத்தியில் இல்லை. அந்த இலையுதிர்காலத்தில் காட்டு வான்கோழி நிறையக் கிடைத்தது என்று ஆளுநர் பிராட்ஃபர்ட் தன் குறிப்பில் தனியே எழுதியிருக்கிறார். ‘அழைத்தோம்’ என்றும் வின்ஸ்லோ சொல்லவில்லை. வந்தார்கள் என்று மட்டும் சொல்கிறார். அதை அவர்கள் நன்றி நாள் என்று அழைக்கவும் இல்லை. அந்தக் கடிதத்தை மீண்டும் அச்சிட்டு, அந்தப் பெயரை அடிக்குறிப்பில் முதலில் ஒட்டியவர் அலெக்சாண்டர் யங் என்ற பாஸ்டன் பாதிரியார், 1841இல். இடையே 220 ஆண்டுகள்.

பில்கிரிம்கள் வந்த மேஃபிளவர் கப்பலில் இருந்தது 102 பயணிகள். முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் செத்துப்போனார்கள். அறுவடை நேரத்தில் மிஞ்சியிருந்த ஐம்பது சொச்சம் பேரில் வயதுவந்த குடும்பப் பெண்கள் நான்கே பேர். 90 விருந்தாளிகள், மூன்று நாள், நான்கு பெண்கள், கூடமாட உதவச் சில சிறுமிகள், வேலைக்காரர்கள். பந்தி பரிமாறிய அனுபவம் உள்ள யாருக்கும் அந்த அடுப்படியின் நிலைமை புரியும். பள்ளிப் படங்களில் மேசைக்குப் பக்கத்தில் வெள்ளை ஏப்ரனோடு வரிசையாகப் பெண்கள் நிற்பார்கள்.

உடையும் அப்படித்தான். ஆளுநர் வில்லியம் பிராட்ஃபர்ட் இறந்தபோது எடுத்த சொத்துப் பட்டியலில் சிவப்பு அரைச்சட்டையும் ஊதா மேலங்கியும் இருக்கின்றன. கறுப்புத் தொப்பி, மஞ்சள் கொக்கி எல்லாம் பிற்காலச் சித்திரக்காரர்களின் கைங்கரியம். நீள இறகுக் கிரீடமோ லக்கோட்டா, செயென் போன்ற சமவெளி இனங்களுக்கு உரியது. பிளிமத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல் தூரம். வாம்பனோவாக் மக்கள் அதை அணிந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த பிரபலமான விருந்து ஓவியங்களில் அது ஏறிவிட்டது, அங்கிருந்து பாடப்புத்தகத்துக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் இன்னொரு வேடிக்கை. கிளேர்மான்ட் இருப்பது டோங்வா மக்களின் பழைய நிலத்தில். அவர்களுக்கு மேஃபிளவரோடு சம்பந்தமே இல்லை. அவர்களைப் பிடித்து உலுக்கியது 1771இல் பக்கத்தில் எழுந்த சான் கேப்ரியல் ஸ்பானிய மிஷன், அதாவது கத்தோலிக்கப் பாதிரிமார்களின் மதமாற்ற நிலையம். அது நான்காம் வகுப்பில் பாடமாக வரும், அட்டையில் மிஷன் கட்டடம் ஒட்டுவார்கள். அதுவரை அந்த ஊர்ப் பிள்ளைக்குப் பூர்வகுடி என்றால் 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த விருந்தில், வேறு யாருடைய கிரீடத்தையோ மாட்டிக்கொண்டு நின்றவர்.

உடையை எல்லாம் சரிசெய்துவிடலாம், அது சின்ன விஷயம். கதையில் விடுபட்டதுதான் பெரிது. பில்கிரிம்கள் குடியேறிய இடம் காலி இடம் இல்லை. அது பட்டுக்சட் என்ற கிராமம். 1616 முதல் 1619 வரை அந்தக் கடற்கரையில் பரவிய கொள்ளைநோய் அதைத் துடைத்துப் போட்டிருந்தது. பள்ளியில் சிரித்த முகத்தோடு சோளம் நடக் கற்றுத்தரும் ‘ஸ்குவாண்டோ’ அந்தக் கிராமத்தவர், அவர் பெயர் டிஸ்குவாண்டம். 1614இல் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரையும் இன்னும் பலரையும் பிடித்துப்போய் ஸ்பெயினின் மலாகாவில் விற்கப் பார்த்தான். அங்கிருந்து எப்படியோ இங்கிலாந்து போய், 1619இல் ஊர் திரும்பினால் ஊரே இல்லை. அவருக்கு ஆங்கிலம் எப்படித் தெரியும் என்று எந்தப் பிள்ளையாவது வகுப்பில் கேட்டால் ஆசிரியர் என்ன பதில் சொல்வார்?

மாசசாயிட் ஏன் வந்தார் என்பதற்கும் ‘நல்ல மனசு’ என்ற பதில் போதாது. நோயில் அவருடைய ஆட்கள் ஏராளமாகச் செத்திருந்தார்கள். மேற்கே இருந்த நாரகன்செட் மக்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. பலம் அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. துப்பாக்கி வைத்திருந்த இந்தப் புதியவர்களோடு 1621 மார்ச்சில் அவர் செய்துகொண்டது பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம். அது அவர் காலம் முழுக்க நிலைத்தது. அவர் மகன் மெட்டகாமின் காலத்தில், 1675இல், போர் வெடித்தது. 1676 ஆகஸ்டில் மெட்டகாம் கொல்லப்பட்டார். அவர் தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் குத்தி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். விருந்து நடந்த அதே ஊர்தான்.

பள்ளிக்குள் எப்படி வந்தது

தேங்க்ஸ்கிவிங்கைத் தேசிய நாளாக்கியதில் சாரா ஜோசபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆண்டுக்கணக்காகத் தலையங்கம் எழுதி, ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி, கடைசியில் 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே எழுதினார். லிங்கனின் அறிவிப்பு 1863 அக்டோபர் 3இல் வந்தது. உள்நாட்டுப் போர் நடுவே, நாட்டைச் சேர்த்துக் கட்டும் முயற்சி அது. அந்த அறிவிப்பில் பில்கிரிமும் இல்லை, பூர்வகுடியும் இல்லை. நவம்பர் நான்காம் வியாழன் என்று சட்டம் ஆனது 1941இல்.

பிளிமத் கதை அந்த நாளோடு இறுக ஒட்டிக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் லட்சக்கணக்கில் குடியேறிகள் வந்துகொண்டிருந்த காலம். கப்பலில் வந்தவர்கள், கஷ்டப்பட்டவர்கள், மதச் சுதந்திரம் தேடியவர்கள், கடைசியில் நிலம் அவர்களை ஏற்றுக்கொண்டது. கப்பலில் வந்திறங்கிய இன்னொரு குடும்பத்தின் பிள்ளைக்கு இதைவிட வசதியான கதை கிடையாது. பள்ளியில் கற்ற விருந்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும், வீடு அமெரிக்க வீடாகும். ஆசிரியர்கள் தெரிந்தே செய்த வேலை இது, அதில் பலன் கிடைத்தது என்பதையும் மறுக்க முடியாது. இன்றைக்கு நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளையின் கை-வான்கோழி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். ‘நம்ம பொங்கல் மாதிரி’ என்று ஊரில் இருக்கும் பாட்டிக்கு விளக்கமும் போகும். அதே பழைய இயந்திரம்தான், இன்னும் நன்றாகவே ஓடுகிறது.

பூர்வகுடியினரின் ஆயுத எதிர்ப்பு 1890இல் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை நடத்திய படுகொலையோடு அடங்கிய காலமும் அதுவே. பென்சில்வேனியாவின் கார்லைல் உறைவிடப் பள்ளியில் (1879–1918) பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, மொழியைப் பேசவிடாமல் தடுத்து, அவர்களுக்கும் அமெரிக்கத் தேசிய நாள்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பள்ளியில் வெள்ளைப் பிள்ளைக்குத் தலையில் இறகு சூட்டுகிறார்கள், இன்னொன்றில் பூர்வகுடிப் பிள்ளையின் கூந்தலை நறுக்குகிறார்கள். ஒரே தலைமுறை, ஒரே நாடு.

இதற்கு எதிர்க்குரல் 2008இல் திடீரென்று முளைத்ததும் இல்லை. 1970இல் மேஃபிளவர் வந்த 350ஆம் ஆண்டு விழாவுக்கு மாசசூசெட்ஸ் அரசு வாம்ஸுட்டா ஃபிராங்க் ஜேம்ஸைப் பேச அழைத்தது. அக்வின்னா வாம்பனோவாக்; தொழிலில் பள்ளி இசை ஆசிரியர். உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்த ஏற்பாட்டாளர்கள் அதைப் பேசக்கூடாது என்றார்கள். அவர் விழாவுக்குப் போகவில்லை. அந்த தேங்க்ஸ்கிவிங் நாளில் பிளிமத்தின் கோல்ஸ் ஹில் குன்றில், மாசசாயிட் சிலைக்குப் பக்கத்தில், ஆதரவாளர்களோடு கூடினார். அதைத் தேசியத் துக்க நாள் என்று அறிவித்தார்கள், இப்போதும் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். கிளேர்மான்ட் வழக்கத்துக்கு அப்போது ஏறத்தாழ இரண்டு வயது.

முடிவில் என்ன கோளாறு

கடிதம் எழுதிய தாயின் வாதத்தின் சாரம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் நாஜி ஒப்பீடு அதற்கு உதவவில்லை. பேச்சு டோங்வாவையும் வாம்பனோவாக்கையும் விட்டுவிட்டு அந்த ஒப்பீட்டைச் சுற்றத் தொடங்கியது. எதிர்த்தரப்புக்கும் அதுதான் தேவைப்பட்டது.

நிர்வாகத்தின் பிழை அதைவிடப் பெரியது. அவர் கேட்டது பொது உரையாடல். கிடைத்தது, கூட்டம் முடியும் நேரத்தில் ஓர் அறிவிப்பு. விருந்துக்கு முந்திய நாள் சுற்றறிக்கை. முடிவை எப்போதோ எடுத்துவிட்டுப் பேருக்குக் கூட்டம் வைத்தார்கள் என்று பெற்றோர் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமே இல்லை. செப்டம்பரில் பேசி முடித்திருக்க வேண்டியதை நவம்பர் கடைசியில், பிள்ளைகள் தொப்பியைச் செய்து முடித்த பிறகு பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? பிள்ளை கையில் இருப்பதைப் பிடுங்குகிற தோற்றம் அதற்கு வந்துவிட்டது.

வழி அவர்கள் கையிலேயே இருந்தது என்பதுதான் எரிச்சல். கலிஃபோர்னியா மாநிலம் 1998இல் ஏற்ற வரலாற்றுப் பாடத்தரத்தில், கிண்டர்கார்டன் பகுதியிலேயே தேங்க்ஸ்கிவிங் பெயர் சொல்லி வருகிறது. நினைவு நாள்களின் நோக்கம், அவை போற்றும் மனிதர்கள், நிகழ்வுகள், அவற்றுக்கு அடிப்படையான மனிதப் போராட்டங்கள் இவற்றைப் பிள்ளை அடையாளம் காண வேண்டும் என்கிறது அந்தத் தரம். போராட்டங்கள் என்று அச்சிலேயே இருக்கிறது. வேடம் போட்ட விருந்தில் எந்தப் போராட்டம் தெரிந்தது? வேடத்தைக் கழற்றிய விருந்தில்தான் எது தெரிந்தது? வாரியக் கூட்டத்தில் அந்த ஒரு வரியை எடுத்து வைத்து, ‘நம் விருந்து இதைச் செய்கிறதா?’ என்று கேட்டிருந்தால் பேச்சு தொப்பியை விட்டு நகர்ந்திருக்கும். இரண்டு தாய்மாரும் ஒரே மேசையில் உட்கார இடம் கிடைத்திருக்கும்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. விருந்துக்கு மூன்றாம் நாள், 2008 நவம்பர் 28 வெள்ளிக்கிழமை, சட்டப்படி முதல் பூர்வகுடி மரபு நாள். கிளேர்மான்ட் சண்டை பற்றிய செய்திகளில் இதற்குப் பெரிதாக இடம் கிடைக்கவில்லை.

ஐந்து வயதில் கம்பத்தில் குத்திய தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வாம்பனோவாக் என்ற பெயரைச் சொல்லலாம். அவர்கள் இன்னும் மாசசூசெட்ஸில் இருக்கிறார்கள், வழக்கொழிந்துபோன தங்கள் மொழியை மீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறார்கள் என்று சொல்லலாம். சோளத்தைக் கையில் கொடுத்து, யார் யாருக்கு நடக் கற்றுத்தந்தார்கள் என்று காட்டலாம். கசக்கிய பழுப்புப் பை இல்லாமலே கைக்கு வேலை இருக்கும். ஐந்தாம் வகுப்பில் அமெரிக்க வரலாறு முறையாகத் தொடங்கும்போது வின்ஸ்லோவின் அந்தப் பத்தியையே வாசிக்கக் கொடுத்து, 90 பேர் ஏன் வந்தார்கள் என்று கேட்கலாம். பக்கத்தில் பலசாலி ஒருவன் இருக்கும்போது புதிதாக வந்தவனோடு ஏன் கூட்டுச் சேர வேண்டும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்காமலே தெரியும்.